பள்ளத்தைப் பார்த்து நின்ற கார்

மூடுபனிக்குள் பானெட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பழைய வெள்ளைக் கார். டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் இல்லை, இந்தக் காட்சிதான். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போனால் சாலை ஒரு பெரிய பள்ளத்தின் ஓரமாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் தனியாக ஓர் ஓட்டு வீடு. நான் வருகிற நாளில் டீச்சர் காலையிலேயே பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து வைத்துவிடுவார். தலையில் மப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, காலில் ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ. வண்டிக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். என் பைக் சத்தம் கேட்டுத் திரும்பும்போது அந்த முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பார்த்து, ஒரு பேட்டரிக்காக மனிதர்கள் இவ்வளவு கவலைப்படுவார்களா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வயரிங், பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் இவைதான் என் பிழைப்பு. மனைவி இறந்த பிறகு சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்கிவிட்டேன். ஒரே மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மெஸ்ஸில் சாப்பாடு. யாருடைய வண்டியாவது வந்து நின்றால் அன்றைக்குப் பேச்சுத் துணை உண்டு. வராவிட்டால் இல்லை. இதைச் சொல்லக் காரணம், பிறகு நான் செய்த ஒரு காரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

டீச்சர் திருக்கோவிலூர்க்காரர். மலையில் இருந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு இருபத்தேழு வயதில் வேலைக்கு வந்தவர். இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விடலாம் என்றுதான் வந்தாராம். கடைசியில் அங்கேயே தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு தம்பி வீட்டில் மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு, தனக்கென்று யாரும் அங்கே காத்திருக்கவில்லை என்று தெரிந்து மலைக்கே திரும்பிவிட்டார். அந்த வயதில் கள்ளக்குறிச்சிக்கு வந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் தானே ஓட்டிக்கொண்டு போனார். இதெல்லாம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. பெரும்பாலும் நான் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது.

முதல் அழைப்பு ஒரு மார்கழியில் வந்தது. அந்தத் திருப்பத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. காலைப் பஸ் கண்டக்டரிடம் டீச்சர் சொல்லி அனுப்ப, அவர் வெள்ளிமலைக்கு வந்து எனக்குப் போன் செய்தார். சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றைப் பைக் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கைவிரல்கள் மரத்துப்போயின.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இன்னைக்குச் சாவி போட்டா டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் வருது" என்றார்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இது எங்கள் தொழிலில் முதல் சோதனை. செல்ஃப் அடிக்கும்போது விளக்கு அப்படியே மங்கிச் செத்துப்போனால் பேட்டரியில் சரக்கு இல்லை. விளக்கு பிரகாசமாகவே இருந்து செல்ஃப் மட்டும் எடுக்காவிட்டால் கோளாறு மோட்டாரிலோ வயரிலோ இருக்கும். டீச்சர் உட்கார்ந்தார். வண்டி ஓட்டக் கற்று சில வருடமே ஆன பலர் ஹெட்லைட் சுவிட்சைத் தேடுவார்கள். அவர் கை பார்க்காமலே அதைத் திருகியது. இதை நான் அன்றைக்கே கவனித்தேன். கவனித்ததோடு சரி. விளக்கு மஞ்சளாகி அணைந்தது. பேட்டரியை அளந்தேன், பதினொன்றரை வோல்ட்டுக்கும் கீழே. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது பன்னிரண்டரைக்கு மேல் காட்ட வேண்டும். கண்ணாடிக் குழாயால் பேட்டரியின் ஒவ்வோர் அறையிலும் அமிலத்தின் கனத்தைப் பார்த்தேன். ஓர் அறை சுத்தமாகப் படுத்துவிட்டது. டெர்மினலில் உப்புப் பூத்ததைப்போல வெள்ளைத் தூள் வேறு. வெந்நீர் கேட்டு வாங்கிக் கழுவினேன்.

"குளிர்தாங்க டீச்சர் காரணம். பழைய பேட்டரி. பனி வந்தா இப்படித்தான்."

நான் சொன்னதில் பாதிதான் உண்மை என்று எனக்கே தெரியும். கல்வராயன் மலைக் குளிர் பேட்டரியைக் கொல்லும் குளிர் இல்லை. குளிரில் பேட்டரிக்குள் வேலை மந்தமாகும். என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுழற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும். ஏற்கனவே இளைத்துப்போன பேட்டரியாக இருந்தால் அந்தக் காலையில் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவுதான். ஆனால் வண்டிக்காரர்களுக்குக் குளிர் என்ற சொல் போதும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி கண்டக்டரின் போன். புதுப் பேட்டரி படுத்துவிட்டது. இந்த முறை பேட்டரியைச் சந்தேகப்படவில்லை. வேறு பேட்டரி வைத்து வண்டியை ஓடவிட்டு, ஓடும்போது வோல்ட் பார்த்தேன். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் நல்லபடியாக மின்சாரம் தந்தால் மீட்டர் பதினான்கை ஒட்டி நிற்கும். இங்கே பதின்மூன்று. விளக்கைப் போட்டதும் பன்னிரண்டரைக்கு இறங்கியது. பெல்ட்டும் தொளதொளவென்று இருந்தது. திருடனைப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷம். ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தால் உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து குச்சியாக இருந்தன. மாற்றினேன், மறுநாள் கொண்டுபோய் மாட்டினேன், பெல்ட்டை இறுக்கினேன். மீட்டர் பதினான்குக்கு மேல் ஏறி அசையாமல் நின்றது. அதை டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "பதினாலு புள்ளி ஒண்ணு" என்று வாசித்தார்.

கோடை முழுவதும் வண்டி ஒழுங்காக ஓடியது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். இப்போது யோசித்தால் தெரிகிறது. எந்தப் பழைய வண்டியைப் பிரித்தாலும் ஏதாவது ஒரு குறை கிடைக்கும். கிடைத்த குறையே காரணம் என்று முடிவு கட்டிவிடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி.

அடுத்த மார்கழி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் வண்டி நின்றது. பேட்டரி ஒரு வருடம்கூட ஆகாதது. ஆல்டர்னேட்டர் பதினான்கு காட்டுகிறது. டெர்மினல் சுத்தம். இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான். வண்டி நிற்கும்போது எங்கேயோ மின்சாரம் கசிய வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தேன். எல்லாம் அணைத்திருக்கும்போது எவ்வளவு போகிறது என்று பார்த்தேன். கடிகாரம் ஓடுவதற்கான துளி மின்சாரம் மட்டும். ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்த்தேன். டிக்கியின் விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா என்று பார்க்க, டிக்கிக்குள் செல்போனை வீடியோவில் வைத்து மூடிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"லைட்டு எதனா அணைக்காம வுட்டுட்டுத் தூங்கப் போய்ட்டீங்களா டீச்சர்?"

"அணைக்காம எப்பவும் வுட்டதில்ல தம்பி. அணைச்சிட்டு, ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுத்தான் வூட்டுக்குள்ள போவேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விளக்கை அணைக்காமல் விட்டீர்களா என்றுதான் நான் கேட்டேன். விளக்கைப் போடுகிறீர்களா, எப்போது, எதற்கு என்று கேட்கவில்லை. அந்தக் கார் எப்போதும் பள்ளத்தைப் பார்த்தே நிற்கும். மூக்கு விளிம்பை ஒட்டி இருக்கும். எங்கே போவதென்றாலும் ரிவர்ஸ் எடுத்துத்தான் சாலைக்கு வர வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர், நிறுத்தத் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன். அதையும் கேட்கவில்லை.

அந்த மாதத்தில் மூன்று முறை போனேன். போனால் டீச்சர் உடனே விடமாட்டார். கடுங்காப்பி வரும். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வரும். பள்ளியில் நடந்தது, படித்த பிள்ளைகள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது, தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்தது, எல்லாம் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பது என் வீட்டில் நின்றுபோய்ப் பல வருடமாகியிருந்தது. ஆனால் மூன்றாவது முறை மலை இறங்கும்போது ஓர் எண்ணம் வந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. இவரே எதையாவது போட்டுவிட்டுப் பேட்டரியை இறக்குகிறார். பேச ஆள் வேண்டும், அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார். அந்த எண்ணம் வந்த பிறகு எல்லாமே அதற்குப் பொருந்தியது. என்னைக் கண்டதும் வரும் அந்த நிம்மதிகூட.

பொங்கல் வந்தது. மகள் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். லீவு கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் போன் செய்தாள். அவளுக்காக வாங்கி வைத்த கரும்பு அறை மூலையில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாரத் திங்கட்கிழமை மதியம் கண்டக்டர் கூப்பிட்டார்.

"டீச்சர் வண்டி நின்னுடுச்சாம். சீக்கிரமா வரச் சொன்னாங்க."

"சரி, வரேன்னு சொல்லு."

செவ்வாய்க்கிழமை போகவில்லை. கடையில் வேலை எதுவும் இல்லை. ஒரு டிராக்டரின் ஹாரன் வயரைச் சரி செய்தேன், அவ்வளவுதான். மற்ற நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் நான் ஒன்றரை மணி நேரம் குளிரில் ஏறிப் போக வேண்டுமா, எனக்கு யார் வந்தார்கள் என்று ஒரு கசப்பு. புதன்கிழமையும் போகவில்லை. கண்டக்டர் மறுபடி போன் செய்தார். எடுத்து, வேலை ஜாஸ்தியாக இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பானெட் திறந்திருந்தது. பக்கத்தில் டீச்சர் இல்லை. வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. சாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று சொன்னார்.

"டீச்சரம்மா பள்ளத்துக்குள்ள போயிருக்குது. அந்தாண்டப் பக்கத்துச் சமையலக்கா ஓடையாண்ட வுழுந்து கெடந்துச்சாம். நேத்துலேர்ந்து கெடந்துருக்கு. வெறகுக்குப் போன பொம்பளைங்க இன்னைக்குக் காலையிலதான் பாத்திருக்காங்க. தூக்கினு வராங்க."

சமையலக்கா யாரென்று எனக்குத் தெரியும். டீச்சரின் பேச்சில் அடிக்கடி வருபவர். பள்ளியில் முப்பது வருடம் சமைத்தவர். மலைக்காரர். ஓய்வு பெற்ற பிறகு பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் இருந்த தன் நிலத்துக்குப் போய்க் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். புருஷனும் பிள்ளையும் எப்போதோ போய்விட்டார்கள். அங்கே சாலை கிடையாது. பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், அவரால் வாசலைத் தாண்டி நடப்பதே சிரமம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் எதற்காக ஓடைக்கு இறங்கினார் என்று புரியாமலே நான் கொண்டுபோன பேட்டரியை வண்டியில் மாட்டினேன். செல்ஃப் அடித்ததும் ஒரே சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது.

போர்வையின் இரண்டு முனைகளையும் மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு விளிம்பில் ஏறி வந்தார்கள். பின்னால் டீச்சர். புடவை முழங்கால்வரை சேறு. பின் சீட்டில் ஏறிச் சமையலக்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. உடம்பெல்லாம் நடுக்கம். நான் ஓட்டினேன். முதல் வளைவு திரும்பும்போதே பின்னால் இருந்து அந்தக் குரல் வந்தது. சமையலக்கா யாரையும் நீ என்றுதான் பேசுவார். மலையில் அப்படித்தான்.

"நீ நல்லாத்தான் இருக்கியா?"

"நல்லா இருக்கறேன் அக்கா. பேசாத இரு."

"வெளக்கு வரல. மொத நாளு, மூட்டம் மறைச்சிக்கிச்சுன்னு இருந்தேன். ரெண்டாம் நாளு மூட்டமே இல்ல, அன்னைக்கும் வரல. மூணாம் நாளும் வரல. செத்துக் கித்துப் போய்ட்டியோ, யாரும் பாக்கலயோ இன்னாவோன்னுதான் கெளம்பனேன்."

டீச்சர் தன் சால்வையை எடுத்து அவர் கால்மேல் போட்டார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த நான் சாலைக்குத் திரும்பினேன். எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்க்காமலே சுவிட்சைத் திருகிய கை, பள்ளத்தைப் பார்த்து நின்ற கார், பனிக்காலத்தில் மட்டும் படுத்துவிடும் பேட்டரி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. திங்கட்கிழமை காலை விளக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லை. அன்றைக்கு நான் போயிருந்தால் புதன்கிழமை விடியற்காலையில் விளக்கு எரிந்திருக்கும். அந்த அம்மா தன் வாசலிலேயே இருந்திருப்பார். கச்சிராயபாளையம் வரும்வரை கண்ணாடியில் பின் சீட்டை மறுபடி பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் முழுவதையும் சொன்னார். பள்ளியில் இருந்த முப்பது வருடமும் அதிகாலையில் முதலில் எழுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அடுப்பு மூட்டுவார், மற்றவர் பிள்ளைகளை எழுப்புவார். பிரிந்து போனபோது ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விடிவதற்கு முன் டீச்சர் கார் விளக்கைப் போட வேண்டும். எதிர்ச் சரிவில் அது தெரிந்ததும் சமையலக்கா ஒரு கைப்பிடி காய்ந்த சாமை வைக்கோலைக் கொளுத்தித் தூக்கிக் காட்ட வேண்டும். அந்த நெருப்பைப் பார்த்ததும் டீச்சர் விளக்கை அணைத்துவிடுவார். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். நெருப்பு வராவிட்டால் டீச்சர் ஆள் அனுப்ப வேண்டும்.

"மத்த மாசத்துல ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும் தம்பி. பனி மாசத்துலதான் மூட்டம் வெலகறவரைக்கும் எரிய வுட்டுக்கினு இருப்பேன். ஒரு நாளைக்கு முக்கா மணி நேரம்கூட ஆவும்."

முக்கால் மணி நேரம் இரண்டு ஹெட்லைட்டும் எரிந்தால் அந்தச் சின்னப் பேட்டரி ஒரு வாரம் தாங்காது. என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு விளக்கைப் போட்டிருந்தால்கூடப் பிரச்சினை இருந்திருக்காது. விடியற்காலையில் எதற்கு அந்தச் சத்தம் என்று அதை அணைத்தே வைத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"வண்டி ஏன் நிக்குதுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். குளிருன்னீங்க. பிரஷ்ஷுன்னீங்க. இதனால இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் இல்லாம, ரெண்டு கெழவிங்க விளையாடறாப்புல இருக்குதுன்னு கேக்கறவங்க சிரிப்பாங்க."

பிறகு என்னைப் பார்த்து, "திங்கக்கெழமையே சொல்லி அனுப்பினேன். டார்ச்சு வெளிச்சம் அங்க எட்டாது, இன்னைக்கு வந்துடுவீங்க, நாளைக்கு வந்துடுவீங்கன்னு அக்காவுக்கு ஆள் அனுப்பாமலே இருந்துட்டேன். உங்களுக்கு எவ்ளோ வேலையோ, பாவம்" என்றார்.

"ஆமாங்க டீச்சர். வேலை ஜாஸ்தி" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் எவ்வளவு பேர் இருந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. எதிரே ஒரு பெண் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சமையலக்கா பிழைத்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு டீச்சர் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாவேன் என்றார். மாசி மாதத்தில், வந்த மாதிரியே போர்வையில் தூக்கிக்கொண்டுபோய்க் குடிசையில் விட்டார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி சோறு கொண்டுவந்து கொடுத்தாள். நான் என்னால் ஆனதைச் செய்தேன். பள்ளத்தின் விளிம்பில் ஒரு கம்பம் நட்டு, லாரியிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய விளக்குகளை அதில் மாட்டினேன். அவற்றுக்கென்று தனிப் பேட்டரி. வீட்டு மின்சாரத்திலேயே பகலில் சார்ஜ் ஏறும்படி செய்து, சுவிட்சை டீச்சரின் சமையலறைக்குள் கொண்டுவந்தேன். இனி அவர் குளிரில் வெளியே நிற்க வேண்டியதில்லை, கார் பேட்டரி இறங்கவும் வேண்டியதில்லை.

முதல் நாள் வெள்ளிமலையில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு விடியுமுன் போனேன். விளக்கு வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். சுவிட்ச் உள்ளே இருந்தும் டீச்சர் அதைப் போட்டுவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். விளக்கின் வெளிச்சம் பள்ளத்துக்குள் போய்ப் பஞ்சில் விழுந்ததுபோல நின்றுவிட்டது. எதிர்ச் சரிவே இல்லாத மாதிரி இருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. மூட்டம் ஓரிடத்தில் இளகியது. அந்தப் பக்கத்தில், நான் எதிர்பார்த்ததைவிடக் கீழே, ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது மேலே போய்க் கீழே வந்தது. மறுபடி மேலே போயிற்று. படுத்த நிலையிலிருந்து தூக்குகிறார் என்பதால் உயரமாகப் போகவில்லை.

"எழுந்துட்டா" என்றார் டீச்சர். உள்ளே போய் விளக்கை அணைத்தார்.

அவ்வளவுதான். இதற்காகத்தான் இரண்டு வருடமாக ஒரு பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்து, வெளிச்சம் வரும்வரை கிளம்பாமல் நின்றேன். விடியற்காலையில் நான் எழுந்தேனா என்று பார்க்க இந்த உலகத்தில் யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நெருப்பு வரவில்லை. டீச்சர் ஆள் அனுப்பினார். சமையலக்கா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். எனக்கு இது ஒரு வாரம் கழித்துக் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் அடக்கம் எல்லாம் முடிந்திருந்தது. ஏறிப்போய் என்ன சொல்வதென்று தெரியாமல் நாட்களைத் தள்ளினேன். நாட்கள் மாதமாயின.

மறுபடி மார்கழி வந்தது. கடைக்கு வழக்கம்போல வண்டிகள் வந்தன. காலையில் எடுக்கவில்லை, தள்ளித்தான் எடுத்தேன் என்றார்கள். பேட்டரிகளைச் சார்ஜில் போட்டேன், பிரஷ் மாற்றினேன், பெல்ட் இறுக்கினேன். ஒவ்வொரு நாளும் மதியம் போன் அடிக்கும்போது கண்டக்டராக இருக்குமோ என்று எடுத்தேன். அந்த வருடம் பனி கடுமையாக இருந்தது. மலையிலிருந்து அழைப்பு ஒன்றும் வரவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது, அதனால் கூப்பிடவில்லை. எந்த மெக்கானிக்கும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல், கையில் பேட்டரி எதுவும் இல்லாமல் மலை ஏறினேன். டீச்சர் வீட்டுக்குள் இருந்தார். பைக் சத்தம் கேட்டு வெளியே வந்து, புரியாமல் நின்றார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது தம்பி. நான் சொல்லி அனுப்பலையே."

"தெரியும் டீச்சர்."

கார் இப்போது சாலையைப் பார்த்து நின்றது. டீச்சர் மெலிந்திருந்தார். வாசல் படியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தார். கம்பத்து விளக்குகளைக் கழற்றி வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரம் பனியைப் பற்றிப் பேசினோம். பிறகு நான், ஒரு வருடமாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் எனக்கு வேலை இல்லை. கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். பேச ஆள் இல்லாமல் நீங்களே பேட்டரியை இறக்கிவிட்டுக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் வரவில்லை.

டீச்சர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் பள்ளத்துப் பக்கம் திரும்பினார்.

"வெளக்க நான் அதுக்காக எரிய வுடல" என்றார். "ஆனா வண்டி நின்னுடுச்சுன்னா, நீங்க வருவீங்கன்னு ஒண்ணு இருக்கும். அதுவும் இருந்துச்சு. இல்லன்னு சொல்லமாட்டேன்."

நான் கம்பத்து விளக்குகளைப் பார்த்தேன்.

"சும்மா வாங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தா வந்திருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வந்திருக்க மாட்டேன் டீச்சர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாகத் தெரியவில்லை. முட்டியில் கையை ஊன்றி எழுந்து, "அரிசி போட்டுருக்கறேன், செத்த நேரம் ஆவும். சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கடையில் வேலை இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிக் கிடந்தது. படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.